பெட்டியில 3 கேவிஏ, தலவாக்கலையில எவ்வளவு? ஜெனரேட்டர் வாங்கப்போறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

முடிவ மொதல்லயே சொல்லிடுறேன், இன்பொக்ஸ்ல வர்ற எல்லாரும் அதத்தான் கேக்குறீங்க. நான் வாங்குனது சைனா மெஷின், ஓப்பன் ஃப்ரேம் (மூடி இல்லாம சட்டத்துக்குள்ள நிக்கிறது), 208 சிசி எஞ்சின், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது, 15 லீட்டர் டேங்க், பெட்டியில பெரிய எழுத்துல 3 கேவிஏ, அதாவது எவ்வளவு கரண்ட் தரும்ங்கற அளவு. பிராண்ட் பேர் சொல்லல, ஏன்னா இதே மெஷின் இதே சிவப்பு பெயிண்ட்ல ஏழெட்டு பேருல வருது, ஸ்டிக்கர் மட்டும்தான் வேற. என் கடைக்கு இது சரியான மெஷின். வெறும் வீட்டுக்குன்னா இத வாங்காதீங்க, சத்தத்துலயும் பெட்ரோல்லயும் வெறுத்துப் போயிருவீங்க. மார்க் கேட்டா 5க்கு மூன்றரை. அந்த ஒன்றரை எதுக்கு கொறைச்சேன்னு கீழ சொல்றேன், ஆனா அதவிட முக்கியம் எது வாங்குறதுன்னு கணக்கு போடுறது, அத இங்க எந்த கடையிலயும் யாரும் சொல்லித்தர மாட்றாங்க.

நம்ம இலங்கை மலைநாட்டுல கரண்ட் கட் ஒண்ணும் புதுசு இல்ல. ஜூன் ஜூலையில காத்து அடிச்சா ஒரு மரக்கொப்பு லைன்ல விழுந்தா போதும், தேயிலை தோட்டத்துக்கு உள்ள போற லைன்னா சரி பண்ண அடுத்த நாளும் ஆகலாம். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டுனது யாருக்கும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9 ஞாயித்துக்கிழமை பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு குரங்கு பூந்து நாடே இருட்டாச்சு. அந்த வருஷமே நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி பக்கமெல்லாம் மண்சரிவு, ரோடும் இல்ல கரண்டும் இல்ல, ஃபோன் டவரும் செத்துப்போச்சு. அதுக்கு அப்புறம்தான் நம்ம டவுன்ல ஹாட்வெயார் கடைக்கு முன்னுக்கு எல்லாம் ஜெனரேட்டர வரிசையா அடுக்கி வச்சாங்க, சனமும் பயத்துல கண்ணுல பட்டத வாங்கிட்டு போச்சு.

எனக்கு தலவாக்கலையில சின்ன கம்யூனிகேஷன் கடை, போட்டோ கொப்பி, பிரிண்ட், ரீலோட், கொஞ்சம் ஐஸ்கிரீம் ஃப்ரீசர். மேல்மாடியில வீடு. அதனால என் கணக்கு கொஞ்சம் பெரிய கணக்கு, உங்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

மொதல்ல ஒரு பேப்பர் எடுத்து கரண்ட் போனா எது எது கட்டாயம் ஓடணும்னு எழுதுங்க. ஓடுனா நல்லம்ங்கறத எழுதாதீங்க, கட்டாயம் ஓட வேண்டியத மட்டும். எல்ஈடி பல்ப் ஒண்ணு 9 வாட், அஞ்சு பல்ப் போட்டாலும் 50க்குள்ள. வைஃபை ரவுட்டர் 10, 12 வாட். 32 இஞ்சி டிவி 50 வாட் சுத்தி. லெப்டொப் 65. ஃபோன் சார்ஜர் எல்லாம் கணக்குலயே இல்ல. நெபுலைசர் வச்சிருக்கவங்களுக்கு அது 100, 150 வாட், ஒக்சிஜன் கொன்சன்ட்ரேட்டர் 5 லீட்டர் மெஷின்னா 300, 400 வாட். ஃப்ரிட்ஜ் ஓடுறப்ப 150 வாட்தான் குடிக்கும், ஆனா கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு செக்கன்ல அஞ்சு ஆறு மடங்கு இழுக்கும், அப்ப 800, 900 வாட் ரெடியா இருக்கணும். புதுசா வர்ற இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்னா இந்த தொல்லை கொறவு, மெதுவா எழும்பும். தண்ணி மோட்டர் அரை குதிரை சக்தின்னா ஓடுறப்ப 600 வாட், ஸ்டார்ட்ல 1800, 2000 வரைக்கும் போகும். நம்ம பக்கம் முக்காவாசி வீட்டுக்கு மேட்டுல இருந்து குழாயில தானா தண்ணி வருது, மோட்டரே இல்ல, அந்த வகையில கொழும்பு ஆட்கள விட நமக்கு லாபம்.

இனி வில்லன்கள். கரண்ட் கேத்தல் 1500லேர்ந்து 2000 வாட். அயன் பொக்ஸ் 1000. ரைஸ் குக்கர் 700. குளிக்கிற சுடுதண்ணி ஹீட்டர், அந்த சுவத்துல மாட்டுற இன்ஸ்டன்ட் ஷவர், 3500 வாட்டும் அதுக்கு மேலயும். குளிருக்கு நம்ம ஊர்ல இது இல்லாத வீடு இப்ப கொறைஞ்சு போச்சு, அதனாலதான் சனம் 'பெரிய ஜெனரேட்டர் வேணும்'னு போகுது. சூடாக்குற சாமான் எதுவா இருந்தாலும் ஜெனரேட்டர்ல போடாதீங்கன்னு ஒரு வரியில சொல்லி முடிச்சிரலாம். தண்ணி சுட வைக்க கேஸ் இருக்கு, வெறகு இருக்கு, பெட்ரோல எரிச்சு கரண்டாக்கி அந்த கரண்ட திரும்ப சூடாக்குறதுல பாதிக்கு மேல எஞ்சின் சூட்டுலயும் பொகையிலயும் போயிருது. ஹீட்டர் வகையறாவ வெட்டிட்டு கூட்டிப் பாருங்க, சாதாரண வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட்டும் சேத்து ஆயிரம் ஆயிரத்து இருநூறு வாட் தாண்டாது. அதுக்கு போயி 5 கேவிஏ தூக்கிட்டு வர்றாங்க.

சரி, இப்ப ஸ்டிக்கர் கதைக்கு வருவோம். பெட்டியில 3 கேவிஏன்னு இருக்கும். கேவிஏ வேற கிலோவாட் வேற, சின்ன சிங்கிள் ஃபேஸ் மெஷின்ல சில கம்பெனிக்காரன் ரெண்டையும் ஒண்ணாவே போடுவான், சிலவன் கேவிஏவ பெருசா போட்டுட்டு கிலோவாட்ட தட்டுல சின்னதா அடிப்பான். அந்த தட்டுதான் முக்கியம், எஞ்சினுக்கு பக்கத்துல இல்லாட்டி ஓல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்குற பகுதி) மூடியில ஒட்டியிருக்கும். என் மெஷின் தட்டுல இருந்தது: மெக்ஸிமம் 2.8 கிலோவாட், ரேட்டட் 2.5 கிலோவாட். மெக்ஸிமம்ங்கறது கொஞ்ச நேரம் தாங்குறது, ஃப்ரிட்ஜ் எழும்புறப்ப மாதிரி. மணிக்கணக்கா ஓடுறதுக்கு ரேட்டட் மட்டும்தான் கணக்கு. ஆக 3ங்கறது கையில வர்றப்ப 2.5 ஆயிருச்சு.

அதோட முடியல. இதுக்கு மேலதான் நம்ம மலை அதோட பங்க எடுக்கும். உயரத்துக்கு போகப்போக காத்து லேசாகும், எஞ்சினுக்கு உள்ள போற ஒக்சிஜன் கொறையும், பவர் கொறையும். ஹொண்டா மெனுவல்லயே இருக்கு, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் போயிரும்னு, அதுவும் காத்தையும் பெட்ரோலையும் கலக்குற காபரேட்டர உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்துன பிறகும். கண்டி 500 மீட்டர், அங்க 6 சதவீதம், பெருசா தெரியாது. தலவாக்கலை 1200 சுத்தி, 14 சதவீதம், என் 2500 வாட் 2150 ஆயிருச்சு. நுவரெலியா 1868 மீட்டர், அங்க 22 சதவீதம் கிட்ட, அதே மெஷின் 1950தான் தரும். அதாவது 3ன்னு காசு குடுத்து வாங்கி நுவரெலியாவுல வச்சா 2 கூட முழுசா வராது. இது மெஷினோட குத்தம் இல்ல, எந்த பிராண்டா இருந்தாலும் இதான், கொழும்புல இருக்கவன் யூடியூப்ல போடுற டெஸ்ட்ட பாத்து நம்ம வாங்க முடியாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

காபரேட்டர் விஷயம் இன்னும் ஒண்ணு இருக்கு. பெக்டரில ஜெட் (காபரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை) போடுறது கடல் மட்டத்துக்கு. காத்து கொறைஞ்ச எடத்துல அதே ஜெட் பெட்ரோல கூடுதலா விடும், கறுப்பு பொகை வரும், பிளக் கரி பிடிக்கும், பெட்ரோல் சும்மா போகும். 1500 மீட்டருக்கு மேல நிரந்தரமா ஓட்டுறதுன்னா, நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளை பக்கம் எல்லாம், சின்ன ஜெட் மாத்தித் தரச்சொல்லி கேளுங்க. ஆனா மாத்துன மெஷின கொழும்புக்கு கொண்டு போயி ஓட்டாதீங்க, அங்க பெட்ரோல் பத்தாம எஞ்சின் சூடேறி அடிவாங்கும்.

கடைக்கு போன கதைய சொல்றேன். ஹட்டன்ல ஒரு கடை, பேர் வேணாம். உள்ள போனதும் அந்த அண்ணே கேட்ட மொத கேள்வி, "தம்பி வீட்டுல எத்தன ரூம்?" ரூம் கணக்கு போட்டு விக்க இது என்ன பெயிண்டா? நான் என் பேப்பர காட்டுனேன், அவரு பாக்கவே இல்ல, "3 கேவிஏ எடுங்க, வீடே ஓடும், ஹீட்டரும் போடலாம்"னாரு. ஓட்டி காட்டுங்கன்னேன். காட்டுனாங்க, ஒரே ஒரு எல்ஈடி பல்ப மாட்டி. 9 வாட் பல்ப் எரியுறதுக்கு 2500 வாட் மெஷின பாராட்ட சொல்றாங்க.

எனக்கு இப்படித்தான் இருக்கும்னு தெரியும், அதனால வீட்டுலேர்ந்தே அயன் பொக்ஸும் 1500 வாட் கேத்தலும் சொக்கட்ல குத்துற சின்ன வோல்ட் மீட்டரும் பையில கொண்டு போயிருந்தேன். நீங்களும் கொண்டு போங்க, வெக்கப்படாதீங்க, கடையில நாலு பேர் ஒரு மாதிரி பாப்பாங்க அவ்வளவுதான். பல்ப் மட்டும் இருக்கப்ப 231 வோல்ட், 52 ஹெர்ட்ஸ், இது சரியான அளவு, லோட் ஏறுறப்ப 50க்கு வரணும்னுதான் கொஞ்சம் கூட வைப்பாங்க. அயன் போட்டதும் 227. கேத்தல் மட்டும் போட்டா 224. ரெண்டையும் சேத்து போட்டேன், அதாவது தட்டுல இருக்குற ரேட்டட் 2500, மெஷின் திணறுது, 205க்கு எறங்குது, சத்தம் ஏறி எறங்குது, சைலன்ஸர்ல கறுப்பா பொகை. அண்ணே ஓடிவந்து கேத்தல புடுங்கிட்டாரு. "புது மெஷின் தம்பி, கொஞ்சம் ஓடி பழகணும்." அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா பழகுனாலும் ஹட்டன் 1200 மீட்டருக்கு மேலதான இருக்கு, மலை எறங்கப்போறதில்ல. எனக்கு தேவை 1700 வாட்டுக்குள்ள, அதுக்கு தாராளமா நின்னுச்சு, அதனால அதையே எடுத்தேன், கேத்தல் டெஸ்ட்ட காட்டி விலையும் கொஞ்சம் கொறைச்சேன்.

எடுக்குறதுக்கு முன்ன இன்னும் ரெண்டு விஷயம் பாத்தேன். ஏவிஆர் இருக்கான்னு கேக்கணும், வோல்ட்ட ஒரே அளவுல வச்சிருக்குற சின்ன சர்கிட், அது இல்லாத மெஷின்ல லோட் மாற மாற வோல்ட் ஆடும், டிவிக்கும் சார்ஜருக்கும் கூடாது. அடுத்தது ஓல்டர்னேட்டர் சுத்துன கம்பி செம்பா அலுமினியமான்னு. விலை ரொம்ப கொறைவுன்னா பெரும்பாலும் அலுமினியம், சூட்டுக்கு சீக்கிரம் போயிரும். தூக்கிப் பாத்தாலே பாதி தெரியும், ஒரே அளவு மெஷின் ரெண்டுல லேசா இருக்குறத சந்தேகப்படுங்க.

பழைய ஜப்பான் மெஷின் வாங்குறவங்க கவனம். ரீகண்டிஷன்னு சொல்லி சின்னதா சத்தமே இல்லாம அழகா இருக்கும், மனசு போகும். ஜப்பான்ல வீட்டு கரண்ட் 100 வோல்ட், அங்க வித்த மெஷினும் 100 வோல்ட்தான் தரும். நம்ம 230 வோல்ட் சாமான் அதுல ஓடாது, கூட ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கணும். தட்ட படிக்காம காசு குடுக்காதீங்க.

இப்ப ஓட்டிப்பாத்த அனுபவம். பெட்டியில எஞ்சின் ஒயில் இல்லாமத்தான் வரும், 600 மில்லி கிட்ட ஊத்தணும், நம்ம குளிருக்கு 10டபிள்யூ 30 நல்லம். ஊத்தாம இழுத்தா ஸ்டார்ட்டே ஆகாது, ஒயில் சென்ஸர் விடாது, அது நல்லதுக்குத்தான். அந்த சென்ஸர்தான் மலையில வேற ஒரு விளையாட்டு காட்டும். நம்ம எடத்துல சமமான தரை எங்க இருக்கு? கொஞ்சம் சரிவுல வச்சாலும் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஒயில் இல்லன்னு நெனச்சு எஞ்சின் தானா நின்னுரும். மெஷின் பழுதுன்னு கடைக்கு தூக்கிட்டு போறவங்கள்ல பாதிப் பேருக்கு இதான் பிரச்சின. நான் கடைக்கு பின்னாடி சின்னதா சீமெந்து தளம் போட்டு மட்டம் பாத்து வச்சிருக்கேன், அதுக்கப்புறம் அந்த தொல்லை இல்ல. காலையில குளிருக்கு சோக் முழுசா இழுத்துட்டு கயிற இழுத்தா எழும்புது, எழும்புனதும் உடனே லோட் குடுக்காம ரெண்டு நிமிஷம் ஓட விடணும்.

ஃப்ரீசர் பிரச்சின இல்லாம ஓடுது. போட்டோ கொப்பி மெஷின்தான் சிக்கல். லேசர் வகை எல்லாத்துக்கும் உள்ள ஒரு ஹீட்டர் இருக்கு, டோனர பேப்பர்ல உருக்கி ஒட்டுறது, அது விட்டு விட்டு பத்தும். பெரிய மெஷின் சூடேறுறப்ப 1300, 1500 வாட் இழுக்குது, ஒவ்வொரு தடவ பத்துறப்பவும் கடை லைட் எல்லாம் கண்ண சிமிட்டும், எஞ்சின் 'உம்ம்'னு ஒரு மூச்சு விடும். ஓடாமலாம் இல்ல, ஆனா ஃப்ரீசர் கம்ப்ரஸர் எழும்புறதும் அதுவும் ஒண்ணா வந்தா எல்லைக்கு போயிருது. இப்ப கரண்ட் இல்லாத நேரம் இங்க் டேங்க் பிரிண்டர்லதான் கொப்பி எடுத்து குடுக்குறேன், அது 20 வாட் கூட இல்ல. கடை வச்சிருக்கவங்களுக்கு இதச் சொல்றேன், ஜெனரேட்டர பெருசாக்குறத விட பிரிண்டர மாத்துறது சீப்.

மார்க் கொறைச்சது சத்தத்துக்கும் பெட்ரோலுக்கும். இந்த வகை மெஷின் 50 ஹெர்ட்ஸ் வரணும்னா எப்பவும் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தியாகணும், பல்ப் ஒண்ணு போட்டாலும் அதே வேகம், முழு லோட் போட்டாலும் அதே வேகம். அதனால லைட்டும் வைஃபையும் மட்டும் ஓட்டுனா பெட்ரோல் அநியாயத்துக்கு வீணாகும். நல்ல லோட்ல ஒரு லீட்டருக்கு ஒண்ணு, ஒன்றரை யூனிட் கெடைக்கும். இன்னைக்கு பெட்ரோல் விலைய வச்சு நீங்களே கணக்கு பண்ணிக்கோங்க, மாசா மாசம் கட்டுற கரண்ட் பில்ல இனி திட்ட மாட்டீங்க. சத்தம் எப்படின்னா, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஓட்டுனா எதிர் மலை லயத்துலேர்ந்து (தோட்டத்து வரிசை வீடு) ஃபோன் வருது, கரண்ட் வந்துருச்சான்னு கேட்டு இல்ல, எப்ப நிப்பாட்டுவீங்கன்னு கேட்டு.

வீட்டுக்குன்னா இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்தான் என் ஓட்டு. அது எஞ்சின் வேகத்த லோடுக்கு தக்கன கூட்டி கொறைக்கும், கரண்ட உள்ளயே சுத்தப்படுத்தி தரும், மூடுன பெட்டிக்குள்ள இருக்குறதால பக்கத்துல நின்னு பேசலாம். நுவரெலியாவுல ஹோம்ஸ்டே நடத்துற நம்ம மச்சான் ஒருத்தன் ஹொண்டா ஈயூ 22ஐ வச்சிருக்கான். மெக்ஸிமம் 2200, ரேட்டட் 1800 வாட், 21 கிலோ, ஒரு கையால தூக்கலாம். டேங்க் 3.6 லீட்டர்தான், முழு லோட்ல மூணு மணித்தியாலம், கால்வாசி லோட்ல எட்டு வரைக்கும் ஓடும். அங்க உயரத்துக்கு 22 சதவீதம் கழிச்சா 1400 வாட், ஃப்ரிட்ஜ், லைட், டிவி, வைஃபை எல்லாம் நிம்மதியா ஓடுது. வர்ற கெஸ்ட் யாராவது ஹெயார் ட்ரையர குத்துனாத்தான் ஓவர்லோட் லைட் எரிஞ்சு வெட்டுது, இப்ப ரூம்ல ஒரு நோட்டீஸ் ஒட்டி வச்சிருக்கான். விலைதான் வலிக்கும், அந்த காசுக்கு என் மெஷின் மாதிரி ரெண்டு மூணு எடுக்கலாம். சைனா இன்வெர்ட்டர் மெஷின் பாதி விலைக்கு வருது, நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்றாங்க, ஆனா உள்ள இருக்குற இன்வெர்ட்டர் போர்ட் போச்சுன்னா மாத்துறதுக்கு பார்ட்ஸ் இருக்கான்னு வாங்குறப்பவே கேளுங்க, எங்க பாஸ், அதான் மெக்கானிக், யாருக்கும் அந்த போர்ட்ட தொட தெரியாது.

பார்ட்ஸ் பத்தி சொல்றப்ப, என் மெஷின்ல பிடிச்சதே இதான். அந்த எஞ்சின் நுவரெலியா, கந்தப்பளை மரக்கறி தோட்டத்துல தண்ணி அடிக்கிற பம்ப்ல இருக்குற அதே குடும்பத்து எஞ்சின். காபரேட்டர், பிளக், கயிறு, ஃபில்டர் எல்லாம் சின்ன டவுன்லயும் கெடைக்கும், எந்த பாஸும் கண்ண மூடிட்டு கழட்டுவாரு. வொரண்டி கார்டுல என்ன எழுதியிருந்தாலும் மலைநாட்டுல உண்மையான வொரண்டி பக்கத்து ஊர் பாஸ்தான். மொத 20 மணித்தியாலத்துல ஒயில் மாத்துங்க, அப்புறம் 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவ.

950ன்னு நம்பர் போட்டு ஒரு குட்டி மெஷின் வரும், 63 சிசி டூ ஸ்ட்ரோக், 650 வாட் சுத்தி. லயத்துல லைட், டிவி, ஃபோன் சார்ஜ்க்கு இது போதும், தோட்டத்து கோயில் திருவிழாவுல சின்ன பாட்டு செட்டுக்கும் ஒரு மாலை லைட்டுக்கும் இதத்தான் பாக்குறோம். பெட்ரோல்ல டூ டி ஒயில் 50க்கு 1 கலக்கணும், மறந்து வெறும் பெட்ரோல் ஊத்துனா பிஸ்டன் இறுகி மெஷின் முடிஞ்சுது. பழைய ஃப்ரிட்ஜ எழுப்பாது, கேக்காதீங்க. புல்லு வெட்டுற மெஷின் பாக்குற பாஸே இதையும் பாத்துருவாரு. மண்ணெண்ணெய் மெஷினும் இருக்கு, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மாத்தணும், நிப்பாட்ட முன்ன திரும்ப பெட்ரோலுக்கு மாத்தணும், குளிர்ல இன்னும் கஷ்டம், எனக்கு அந்த பொறுமை கெடையாது.

இத கொஞ்சம் நின்னு படிங்க. ஜெனரேட்டர் பொகையில கார்பன் மொனொக்சைட் இருக்கு, நெறம் இல்ல, மணம் இல்ல, தலை சுத்துதுன்னு தெரியுறதுக்குள்ள ஆள் விழுந்துருவாங்க. நம்ம ஊர்ல குளிருக்கு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திருவோம், மழைன்னு சொல்லி மெஷின இஸ்தோப்புலயோ (வராந்தா) குசினியிலயோ வச்சிருவோம், இத மட்டும் எப்பவும் பண்ணாதீங்க. கதவு தெறந்து வச்சாலும் போதாது. வீட்டுலேர்ந்து ஆறு மீட்டருக்கு குறையாம தள்ளி, பொகை போற பக்கம் வெளிப்பக்கமா பாத்து வைக்கணும். லயத்துல இருக்கவங்க ரெண்டு மடங்கு கவனம், பழைய லயத்துல காம்பராவுக்கு (ரூமுக்கு) காம்பரா சுவர் கூரை வரைக்கும் போகாது, உங்க இஸ்தோப்பு பொகை தகரத்துக்கு கீழயே போயி அடுத்த காம்பராவுல தூங்குற புள்ளைக்கு போகும். மழைக்கு நாலு கம்பு நட்டு மேல தகரம் போடுங்க, நாலு பக்கமும் தெறந்து இருக்கட்டும். பெட்ரோல் ஊத்துறப்ப நிப்பாட்டி ஆறவிட்டு ஊத்துங்க.

அடுத்த பைத்தியக்காரத்தனம், ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயர செஞ்சு ஜெனரேட்டர்லேர்ந்து வீட்டு சொக்கட்டுக்கு குத்துறது. மெயின் சுவிட்ச் ஒஃப் பண்ணிட்டேன்னு சொல்லுவாங்க, ஒரு நாள் மறப்பாங்க. அந்த கரண்ட் வெளிய லைன்ல போயி ட்ரான்ஸ்ஃபோமர்ல ஏறி பெரிய வோல்ட் ஆகும், மழையில நமக்காக லைன் சரி பண்ண போஸ்ட்ல ஏறி இருக்குற மனுஷன் கையில அது போகும். கரண்ட் திரும்ப வந்தா உங்க மெஷினும் எரியும். வீட்டு வயரிங்ல குடுக்கணும்னா சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன் கரண்டா ஜெனரேட்டரான்னு ஒண்ண மட்டும் விடுறது) போட்டு ஒழுங்கான எலெக்ட்ரிஷியன வச்சு செய்யுங்க. இல்லாட்டி நல்ல தடிப்பான எக்ஸ்டென்ஷன் கோட் ஒண்ண நேரா இழுத்து ஃப்ரிட்ஜையும் லைட்டையும் அதுல குத்துங்க, அது போதும். மெல்லிசு வயர்ல தூரம் இழுத்தா வோல்ட் கொறையும், வயர் சூடாகும்.

பெட்ரோல் சேத்து வைக்கிறது பத்தி, 2022ல பெட்ரோல் செட்ல கேனுக்கு ஊத்த மாட்டேன்னு சொன்ன காலம் ஞாபகம் இருக்குமே, அதனால எல்லாரும் இப்ப வீட்டுல கேன் கணக்கா வைக்கிறாங்க. அடுப்பு இருக்குற வீட்டுல வைக்காதீங்க. பெட்ரோல் மாசக்கணக்கா கெடந்தா பழசாகி காபரேட்டர்ல பசை பிடிக்கும், அதான் 'ஆறு மாசம் சும்மா கெடந்துச்சு இப்ப ஸ்டார்ட் ஆகல' கதை. வேலை முடிஞ்சதும் பெட்ரோல் குழாய மூடிட்டு எஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, காபரேட்டர் காலியாயிரும். மாசத்துக்கு ஒரு தடவ கால் மணித்தியாலம் ஏதாவது லோட் போட்டு ஓட்டுங்க.

லைட், வைஃபை, ஃபோன் மட்டும் போதும்னு இருக்கவங்க ஜெனரேட்டரே வாங்காதீங்க. 12 வோல்ட் 100 ஆம்ப்-மணித்தியால லித்தியம் பெட்டரி ஒண்ணுல 1200 வாட்-மணித்தியாலத்துக்கு மேல இருக்கு, சின்ன இன்வெர்ட்டரோட சேத்தா அந்த லோட்ட ஒரு ராத்திரி தாராளமா ஓட்டும், சத்தமும் இல்ல பொகையும் இல்ல. சோலார் சேக்கலாம்னு சொல்லுவாங்க, சேருங்க, ஆனா ஜூன்லேர்ந்து மேகம் மூடுற எடத்துல அத நம்பி இருக்காதீங்க, கரண்ட் இருக்கப்ப சார்ஜ் பண்ணி வைக்கிறதுதான் நம்பிக்கை. டித்வா மாதிரி நாள் கணக்கா போனா மட்டும்தான் பெட்டரி தோத்துப்போகும், அதுக்கு நாலு வீடு சேந்து ஒரு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் எடுத்து முறை வச்சு எல்லா பெட்டரியையும் சார்ஜ் போடலாம், எங்க மேட்டு லயத்துல இப்ப அப்படித்தான் பேசிக்கிட்டு இருக்காங்க, யார் வீட்டுல மெஷின வைக்கிறதுங்கறதுல மட்டும் இன்னும் சண்டை முடியல.